களவெடுத்த திருத்தம்

தீவுக் கிராமமான மண்கும்பானில் வீட்டிலிருந்தே வேலைசெய்யும் கம்சிகா, ஆயிரம் இணையத்தளங்கள் பாவிக்கும் ஒரு கணினி நிரல் நூலகத்துக்குத் திருத்தம் எழுதி, அலுவலகப் பொதுக் கோப்புறையில் வைத்திருந்தாள். கூட வேலைசெய்யும் சுஜிதன் அதைத் தன் பெயரில் அனுப்பிவிட்டான். நூலகத்தை நடத்துபவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். முகநூலில் அவனுக்கு ஒரே வாழ்த்து.

"தீவுப் பெட்டைக்கு உதெல்லாம் விளங்குமோ எண்டும் கேட்டவனாம். நீ வாய் திறக்கிறாயில்லை!" அக்கா மனோகரி கொதித்தாள்.

"நல்லாப் பேரெடுக்கட்டும், அக்கா."

மறுநாள் அந்தத் தளங்கள் ஒவ்வொன்றாக முடங்கின. சுஜிதனைத் திட்டாத ஆளில்லை. போனில் அழுதான்.

"கம்சிகா, உம்மடை திருத்தத்திலை பிழையிருக்கு!"

"ஓம். அதாலைதான் நான் அனுப்பாமல் விட்டனான். சரியானதை இப்பதான் அனுப்பினனான். அதிலை என்ரை பேர் இருக்கு, தொட்டிடாதையும்."