சுவரைத் தாண்டிய கிளை

"இடிச்சிடு ஸ்டான்லி."

ஆட்டோவிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை ஹாஜிரா பாயம்மா. செங்கல்பட்டில் மகள் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு இப்போதுதான் புதுப்பட்டினம் திரும்பியிருந்தாள்.

கொத்தனார் ஸ்டான்லி கொத்துக்கரண்டியும் கையுமாக விழித்தான். "இன்னா பாயம்மா? உம் புள்ள இம்தியாஸ்தானே போன் பண்ணி செவுர ஆளுயரத்துக்கு மேல ஏத்துன்னாரு? கண்ணாடி வேற பதிக்கச் சொல்லிகீறாரு."

"அவனுக்கு இன்னா தெரியும்? இடி."

சந்துப் பக்கம் நீண்டிருந்த கொய்யாக் கிளையைக் கயிறு போட்டு உள்ளே இழுத்துக் கட்டிவிட்டுத்தான் சுவரை எழுப்பியிருந்தான். கட்டும்போதே அவனுக்கு மனசு கேட்கவில்லை.

சின்ன வயசில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எத்தனை நாள் எட்டிப் பறித்த கிளை! உள்ளே பாயம்மாவின் புருஷன் தாவூத் பாய் முதலில் செருமுவார். அப்புறம்தான், "எவன்டா அவன்!" செருமலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் ஓடித் தப்பித்துவிடலாம்.

பாய் மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு அந்தச் சத்தத்தைப் பாயம்மா எடுத்துக்கொண்டாள். 'ஒரு கொய்யாவுக்கு உயிர விடுது பாரு' என்று தெருவே சிரிக்கும்.

"பழம் திருடு போவுதுன்னு கத்திகினு இருந்ததே நீதானே?"

"ஆமா. 'வா, எடுத்துக்கோ'ன்னா எவன் வருவான்? நீ வந்திருப்பியா?"

ஸ்டான்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாயம்மா சிரிக்கவில்லை. ஈரம் காயாத சுவரைத் தடவினாள்.

"மரம் வெச்சது அவரு. காக்கா தின்னாலும் வெச்சவருக்கு நன்மை, மனுசன் தின்னாலும் நன்மை. திருடிகினு போனாக்கூட நன்மைதான்னு எங்க நபி சொல்லிகீறாங்க. கபர்ல கெடக்கிற மனுசனுக்கு அந்த நன்மை இந்தக் கிளை வழியாத்தான்டா போய்ச் சேர்ந்துகினு இருந்துச்சு. அடச்சிட்டியே."

ஸ்டான்லி மேல் வரிசைக் கற்களைப் பெயர்த்தான். கயிற்றை அவிழ்த்ததும் கிளை சந்துக்குள் துள்ளி விழுந்து ஆடியது.

"அவருக்கு நன்மை, சரி. திருடுன எங்க கதி? உங்கூட்டு கொய்யாவுக்காக நான் ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனமே பண்ணிகீறேன் பாயம்மா."

சொல்லிக்கொண்டே பழைய பழக்கத்தில் ஒரு காயைப் பறித்துச் சட்டைப் பைக்குள் போட்டான்.

பாயம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செருமினாள். "எவன்டா அவன்!"

அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "நீங்க ஓடினதும் அவரு உள்ள வந்து இன்னா சொல்வாரு தெரியுமா? 'யா அல்லா, எடுத்தவனுக்கு அத நான் மனசாரக் குடுத்து ஹலாலாக்கிட்டேன். புள்ளைங்கள நீ எதுவும் கேட்டுடாத.'"