கண்ணாடிப் பயிற்சி

செங்கோடன் அரிசிம்பருப்பு சாதத்தைக் குழையக் குழையப் பிசைந்தார். மிளகாயையும் பூண்டையும் பொறுக்கி ஓரமாக வைத்தார். உருண்டை பிடித்துத் தூக்கிய கை பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து உருண்டை தட்டுக்கே திரும்பிப் போனது.

"இன்னைக்கும் வேண்டாங்களாப்பா?" என்றாள் மகள் அக்ஷயா.

கை கால் விழுந்து வெகுகாலம் படுத்திருந்த அம்மா போன மாதம் தவறியதும், அப்பாவைத் தாராபுரத்திலிருந்து துடியலூருக்குக் கூட்டி வந்திருந்தாள். வந்ததிலிருந்து மோர் மட்டும்தான் உள்ளே போகிறது. இப்படியே போனால் மூக்கில் குழாய் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"காந்திபுரத்துல கம்பெனிக்காரங்களுக்கெல்லாம் பேசியே மனசை மாத்தற என்.எல்.பி. கிளாஸ் எடுக்கிற. சொந்த அப்பங்கிட்ட ஒண்ணும் வேலைக்காகலையா அம்மணி?" கணவன் நிதீஷ் கேலியாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

"நீங்க சாப்பிட்டாத்தான் அம்மா ஆத்மா சாந்தியாகும்" என்று அப்பாவிடம் கோணத்தை மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டாள். பலிக்கவில்லை.

பேச்சு எடுபடாத இடத்துக்கென்றே 'மிரரிங்' இருக்கிறது. எதிரில் இருப்பவர் உட்காருவது போலவே உட்கார வேண்டும். அவர் கை அசைந்தால் நம் கையும் கண்ணாடி போல மெல்ல அசைய வேண்டும். அவர் மனதில் இருப்பது நம் உடம்புக்குக் கொஞ்சம் பிடிபடும்.

அக்ஷயா ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவர் பிசைந்தார், அவளும் பிசைந்தாள். அவர் மிளகாயைப் பொறுக்கினார், அவளும் பொறுக்கினாள். அவர் கை எழுந்தது. அவள் கையும் எழுந்து, அதேபோல் பாதியில் நின்றது.

தன் கையைப் பார்த்தாள். சாப்பிடுகிறவர் கை மணிக்கட்டில் உள்பக்கமாக மடங்கும். இது மடங்கவில்லை. விரல்கள் வெளியே, எதிரில் இருப்பவரை நோக்கி நீண்டிருந்தன.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். முன்னால் நகர்ந்து, வாயைத் திறந்தாள்.

உருண்டை அவள் வாய்க்குள் வந்தது. செங்கோடன் தோள் துண்டால் அவள் கடைவாயைத் துடைத்துவிட்டார். அடுத்த கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

அக்ஷயா நிதீஷைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு ஊட்டிப்போட்டுத்தான் அவரு சாப்புடுவாருங்க."