நடக்காத கச்சேரிக்கு ஒரு விமர்சனம்

லண்டன் ஜன்னலில் டிசம்பர் மாத மூடுபனி அழுக்குத் துணி போல ஒட்டிக்கிடக்கிறது. கணப்படுப்பின் பக்கம் காலை நீட்டியபடி விமர்சகர் ஹாலம், 1913-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் இசை முழுவதையும் ஆண்டுமலருக்காகத் தீர்த்துக்கட்டிக்கொண்டிருக்கிறார். மடியில் கச்சேரி அழைப்புகள். பாதி உறைகள் இன்னும் கிழிக்கப்படவே இல்லை. ஜெர்மன் பெயர் வந்தால் குரல் குழைகிறது; உள்ளூர்ப் பெயர் வந்தால் மூக்கு சுருங்குகிறது. அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யும் வினிஃப்ரெட் ஆக்டன், மாலைகளில் இசைக்குழுவில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வாசிக்கிறவள். இவருக்குச் சுருதி கூடத் தெரியாது என்பது அவளுக்கு என்றோ தெரியும்.

"அடுத்து நவம்பர், லீட்ஸ் நகரம். மிஸ் பிளாக்‌ஷாவோட புது இசைக்கோவை. ஒரே இரைச்சல். பொம்பளைங்களுக்கு எதுக்கு இத்தனை எக்காளம்? அடிங்க, மிஸ் ஆக்டன்." விசைகள் நிற்கின்றன. "அந்தக் கச்சேரி நடக்கவே இல்லை சார். பனியில எங்க குழு போன ரயில் வழியிலேயே நின்னுபோச்சு. வயோலாவைக் கட்டிக்கிட்டு நானும் அதுலதான் உக்காந்திருந்தேன். பக்கத்துல மிஸ் பிளாக்‌ஷா அழுதுக்கிட்டிருந்தாங்க." ஹாலம் தேநீரை ஒரு மிடறு உறிஞ்சுகிறார். மீசையில் ஒட்டிய ரொட்டித் துணுக்கை நிதானமாகத் தட்டிவிடுகிறார். "அப்படியா? சரி, கடைசியில ஒரு வரி சேர்த்துக்குங்க: 'நல்லவேளை, சீக்கிரமே முடிந்தது.'"