பின்சீட்டில் பேட்டரி

எலக்ட்ரிக் பைக்கின் பின்சீட்டைக் கழற்றி, அங்கே இரண்டாவது பேட்டரியைப் பொருத்தியிருந்தான் ரொனால்ட். அதைப் பார்த்ததுமே மனைவி ஜூலியின் முகம் மாறியது.

"இதைக் கழட்டுங்க."

"இது இல்லன்னா வேளாங்கண்ணி போய்ச் சேர்றவரைக்கும் வழியெல்லாம் நின்னு நின்னு சார்ஜ் போடணும் ஜூலி."

"போடுங்க."

"நேராவே சொல்லிடு. நான் பைக்குல போறதே உனக்குப் பிடிக்கலதானே?"

ஜூலி விறுவிறுவென்று உள்ளே போனாள். இத்தனை நாள் ஆசை அவ்வளவுதான் என்று நினைத்தான் ரொனால்ட்.

திரும்பி வந்தவள் கையில் புத்தம்புது ஹெல்மெட்.

"ஆஸ்பத்திரியில லீவுகூடச் சொல்லிட்டேங்க. நான் எங்க உக்கார்றது, பேட்டரி மேலயா?"

ரொனால்ட் சிரித்தபடி ஸ்பானரை எடுத்தான்.

"ஒவ்வொரு இடத்துலயும் சார்ஜ் ஏற ரொம்ப நேரமாகும், பரவால்லயா?"

"நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசி எவ்வளவு நாளாச்சு! மெதுவாவே ஏறட்டும்."