ஆறு ஆடுகளின் பால்

காலியான சிரிஞ்சைக் கையில் பிடித்தபடியே ஷாஜன் தொழுவத்திலிருந்து வந்தான்.

"ஆறுக்கும் போட்டாச்சு. நாளையிலிருந்து அதுகளுக்க பாலு நமக்கு வேண்டாம். சிவப்பு வாளியில தனியா கறந்து தென்ன மூட்டுல கொட்டிரு, கேட்டியா?"

"கேட்டேன்," என்றாள் ஜாஸ்மி, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி அவர்களுக்கு இருபது செம்மறிகள். ஜோர்டானில் ஒரு ஆட்டுப் பண்ணையில் ஆறு வருடம் வேலை பார்த்துத் திரும்பிய ஷாஜன்தான் மனைவிக்குச் சீஸ் செய்யச் சொல்லிக்கொடுத்தான். இப்போது அவளுடைய கைப்பக்குவம் அவனுக்கே வராது. கோவளத்தில் ஒரு ஓட்டல் கிறிஸ்துமஸுக்குப் பன்னிரண்டு கிலோ கேட்டிருந்தது. அவ்வளவு பெரிய ஆர்டர் இதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து அடைமழை பிடித்துக்கொண்டது. ஆறு ஆடுகளுக்கு இருமலும் காய்ச்சலும். கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்தார். தினமும் சாயங்காலம் போடச் சொல்லிப் பென்சிலின் மருந்தை ஷாஜனிடம் கொடுத்தார். "மருந்து பாலுல இறங்கும். நான் சொல்லுத வரைக்கும் அந்தப் பால யாரும் தொடக் கூடாது," என்றார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. விடிவதற்குள் ஷாஜன் ரப்பர் வெட்டப் போய்விட்டான். ஜாஸ்மி தனியாகக் கறந்தாள். சிவப்பு வாளியில் ஐந்து லிட்டருக்குக் குறையாமல் இருந்தது.

வாளியைத் தூக்கிக்கொண்டு தென்னை மரத்தடிவரை போனாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி வந்து பெரிய பானையில் ஊற்றிவிட்டாள்.

போன வருட மழையிலும் ஒருநாள் இப்படிச் செய்திருந்தாள். அன்று மருந்து இறங்கிய பால் புளிக்கவே இல்லை. கெட்டுக் கிடந்ததை அவன் வருவதற்குள் கொட்டிவிட்டுப் பானையைக் கழுவி வைத்தாள். அதனால் இந்தத் தடவை உறைமோரைக் கூடுதலாக விட்டாள். மதியத்துக்குள் பால் நன்றாகப் புளித்து, இளநீர் வழுக்கை மாதிரி திரண்டு நின்றது.

"கர்த்தரே," என்றாள். நன்றி சொன்னாளா, மன்னிப்புக் கேட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியேதான். மகள் ஜெபிஷாவை மட்டும் சீஸ் அறைப் பக்கம் விடவில்லை. எப்போதும் பானைக்குள் கையை விட்டு அள்ளித் தின்கிற பிள்ளை அது. இரண்டு வயதில் பென்சிலின் ஊசி போட்டுத் தொண்டை வீங்கி, மூச்சு நின்று, எப்படியோ பிழைத்தது.

ஓட்டலுக்கு வருகிறவர்களில் இப்படி ஒரு பிள்ளை இருக்காதா? கேள்வி வரும்போதெல்லாம் ஜாஸ்மி வேறு வேலை தேடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் அப்பமும் ரசமும் பெறத் திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போனபோது, வயிறு சரியில்லை என்று சொல்லிப் பெஞ்சிலேயே இருந்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் அந்த ஆறில் ஒன்றான கம்மல்காரி செத்துக் கிடந்தது. கழுத்தில் இரண்டு சதை கம்மல் மாதிரி ஆடுமென்று ஜெபிஷா வைத்த பெயர். அதன் குட்டி கத்திக்கொண்டே இருந்தது. மற்ற ஐந்தும் இருமிக்கொண்டுதான் நின்றன.

"இத்தன ஊசி போட்டும் போயிட்டே!" என்று அழுதாள் ஜாஸ்மி.

ஷாஜன் நிமிராமல் குழி வெட்டிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் சீஸைத் துண்டு போட்டு அடுக்கிக்கொண்டிருந்தாள். பெட்டி எடுத்துவர வெளியே போய்த் திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். ஷாஜன் ஒரு துண்டை வெட்டி ஜெபிஷாவின் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தான்.

"தின்னாத!"

பெட்டி கீழே விழுந்தது. ஓடிப்போய்ப் பிள்ளையின் வாய்க்குள் விரலை விட்டாள். "துப்பு மக்கா, துப்பு!"

"முழுங்கிட்டேன் அம்மா," என்று ஜெபிஷா அழ ஆரம்பித்தாள்.

"வண்டிய எடுங்க! ஆசுபத்திரிக்கு எடுங்க!"

"ஏட்டி, என்னத்துக்கு?"

"அந்த ஆறு ஆட்டுக்க பாலும் இதுலதான் கெடக்கு. நான் கொட்டல்ல. ஆர்டர் போயிருமேன்னு கலக்கிட்டேன். எனக்க பிள்ளைய நானே கொன்னுட்டேன்!"

ஷாஜன் சாவியை எடுக்கவில்லை. பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"வண்டி வேண்டாம். பிள்ளைக்கு ஒண்ணும் வராது."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"போன வருசம் நீ கலக்கினத நான் பாத்தேன். கேக்க எனக்குத் தைரியம் வரல்ல. அதான் இந்தத் தடவ ஒரு ஆட்டுக்கும் ஊசி போடல்ல."