ஒரே விலாசம்

பாரிஸின் மார்க்ஸ் டோர்மோயில் இருந்த கட்சி அலுவலக வாசலில் மூன்று மணிக்கே முப்பத்திரண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள் கமலராணி.

எல்லாரும் லா சப்பல் சமையலறைகளில் வேலை செய்பவர்கள். மதியத்துக்கும் இரவுக்கும் இடையில் கிடைக்கிற இரண்டு மணித்தியாலத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவள் கூப்பிட்டால் மறுக்க யாருக்குத் துணிவு?

நாட்டின் தேர்தலில் இவர்களுக்கு வாக்கில்லை. குடியுரிமை இல்லை. கமலராணிக்கும்தான். ஆனால் நகரசபைக்கு யாரை நிறுத்துவது என்று கட்சி தனக்குள் நடத்தும் தேர்தலில், உறுப்பினராகப் பதிந்த எவரும் வாக்களிக்கலாம்.

போட்டியிடுவதோ அவள் பெற்ற, குடியுரிமை உள்ள மகள் ஆரணி. விடுவாளா? ஐந்து மாதத்துக்கு முன்பே கடை கடையாக ஏறி இறங்கி, எல்லாருடைய படிவத்தையும் தானே நிரப்பிக் கொடுத்தாள்.

வாக்குப்பதிவு மேசையில் இருந்த கட்சிப் பெண் உறுப்பினர் பட்டியலைப் புரட்டினாள். முதலில் நின்ற தவசீலனின் பெயரில் சிவப்புக் கோடு. அடுத்தவனுக்கும் கோடு.

ஒரே விலாசத்தில் இத்தனை பேர் பதிந்தால் அது கள்ள வாக்கு, அந்த விலாசத்தில் உள்ள எல்லாரையும் இன்று காலை நீக்கியாயிற்று என்றாள் அவள்.

வாடகை ஒப்பந்தம் இல்லாத அறைகளில் பத்துப் பேராகப் படுப்பவர்கள் எந்த விலாசத்தைக் கொடுப்பார்கள்? அவர்களின் வங்கிக் கடிதமும் விசாக் கடிதமும் கமலராணி வீட்டுக்குத்தான் வருகின்றன. இதற்கும் அதையே எழுதியிருந்தாள்.

“இவை கள்ளர் இல்லை, மேடம். உழைக்கிற சனம்,” என்றாள், பதற்றத்தில் தமிழிலேயே.

தன் பெயரைத் தேடினாள். அதிலும் கோடு. என்னுடையது போனால் போகட்டும் என்றுதான் நினைத்தாள்.

பிறகு கோடுகளை விரலால் எண்ணினாள். வந்தவர்களும் தானும் சேர்ந்து முப்பத்து மூன்று; கோடுகள் முப்பத்து நான்கு.

முப்பத்து நான்காவது பெயருக்கு உரியவள் உண்மையாகவே அந்த வீட்டில் குடியிருக்கிறாள்.

உறுப்பினர் அல்லாதவர் போட்டியிடவும் முடியாது என்று சொல்லி, மேசைப் பெண் பட்டியலை மூடினாள்.

அப்போதுதான் ஆரணி படியேறி வந்தாள். வாசலில் நின்ற கூட்டத்தைக் கண்டு முகமெல்லாம் சிரிப்பு. எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று தாயின் காதருகே பிரெஞ்சில் கேட்டாள்.

“எல்லாரும் வந்தவை, பிள்ளை.”