முன் இருக்கையின் மூடி

காரின் முன் இருக்கையின் பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடி உடைந்ததிலிருந்து, இறங்கும்போதெல்லாம் அவள் சேலை அதில் மாட்டிக் கிழிகிறது. அதனால் பின்னால் உட்கார்ந்துகொண்டு, கணவனை "டிரைவர்" என்று கூப்பிடுகிறாள். பக்கத்து இருக்கை காலியாகக் கிடப்பதில் அவனுக்கு வண்டியே வெறிச்சென்று இருக்கிறது. இன்று புது மூடி வந்துவிட்டது. திறந்த கதவு வழியே வெயில் முதுகில் விழ, மண்டியிட்டு அழுத்துகிறான். டக், டக், டக் என்று மூன்று கிளிப்பும் உட்கார்கின்றன. அவன் பெருமையாக நிமிரும்போது, வெளியே நிற்கும் அவள் கையை நீட்டுகிறாள். உள்ளங்கையில், மூடியைப் போடுவதற்கு முன்பே மாட்டியிருக்க வேண்டிய, இருக்கையைச் சாய்க்கும் கைப்பிடி. "இது எங்கங்க போகும்?" "அடிப்பாவி, முன்னாடியே சொன்னா என்ன?" "எப்ப தேடுவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்." அவனுக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. கழற்றி, கைப்பிடியைச் செருகி, மூடியை மறுபடி அழுத்துகிறான். அவள் முந்தானையை அதன்மேல் மெதுவாக இழுத்துப் பார்க்கிறாள். துணி எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வருகிறது. அவள் முன்னால் ஏறிக் கதவைச் சாத்துகிறாள். அவன் அவசரமாகச் சுற்றி வந்து ஸ்டியரிங் முன் உட்கார்கிறான். "எங்கம்மா போகணும்?" "எங்கயும் இல்ல. சும்மா ஒரு சுத்து." கைப்பிடியை இழுத்து, சுகமாகச் சாய்ந்துகொள்கிறாள்.